நட்சத்திரமா, நீல வெள்ளை வட்டமா, நாலு வளையமா? முதலில் மாடலின் வயதைக் கேளுங்கள்

2024 கார்த்திகை. திருப்பூரிலிருந்து பெரியப்பா மகன் அழைத்தார். பனியன் ஏற்றுமதி செய்பவர். 2017இல் வாங்கிய அவருடைய மெர்சிடிஸ் இ-கிளாஸுக்கு ஏழு வயதாகிவிட்டது, மாற்றியாக வேண்டும். “மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ, ஆடி, இந்த மூன்று கம்பெனியில் இப்போது யார் முதலிடம், தம்பி? பேசாமல் அவனிடமே வாங்கிவிடலாம்” என்றார்.

நான் கணக்குத் தணிக்கை பார்க்கிறவன். காருக்கும் எனக்கும் உள்ள உறவு தேய்மானக் கணக்கு எழுதுவதோடு சரி. ஆனால் குடும்பத்தில் யார் பெரிய செலவு செய்தாலும் என்னைக் கேட்காமல் செய்வதில்லை. செய்த பிறகு நான் சொன்னதைக் கேட்டதாகவும் நினைவில்லை. அண்ணனுக்காக மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது இது: முதலிடம் யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் யாருடைய மாடல் இளமையாக இருக்கிறது என்பதுதான். வாங்குகிறவர் அந்த வயதை நேரடியாகவே கேட்டுவிடலாம். பட்டியலைப் பார்த்துச் சுற்றி வளைக்கத் தேவையில்லை.

இந்தியாவில் இந்த முதலிடம் ஒரு சங்கீத நாற்காலி. 2007இல் சென்னைக்கு வெளியே மகேந்திரா சிட்டியில் ஆலை திறந்த பிஎம்டபிள்யூ, 2009இல் மெர்சிடிஸைத் தாண்டியது. 2010 டிசம்பரில் எக்ஸ்1 வந்தது, 22 லட்சத்துக்கு. ஃபார்ச்சூனர் வாங்கப் போனவர் கொஞ்சம் கூட்டிப் போட்டால் நீல வெள்ளை வட்டத்தோடு வீட்டுக்கு வரலாம் என்ற நிலை அதுவரை இல்லை. 2011இல் 9,371 கார்கள். மெர்சிடிஸிடம் அந்த விலையில் காட்ட ஒன்றுமே இல்லை.

ஆனால் எக்ஸ்1 திறந்த கதவு வழியாக அடுத்து நுழைந்தது ஆடி. 2012இல் க்யூ3 வந்தது. மறு ஆண்டு சில வசதிகளைக் கழித்து அதையே 24.99 லட்சத்துக்குக் கொடுத்தார்கள். ஜெர்மன் சொகுசுக்குச் செருப்புக் கடை விலை. 2013இல் ஆடி 10,002 கார்கள் விற்று முதலிடத்தில் உட்கார்ந்தது. ஒரே ஆண்டில் பத்தாயிரத்தைத் தாண்டிய முதல் சொகுசுக் கார் நிறுவனம் அதுதான். கடைசி இரண்டு கார்களை யார் தலையில் கட்டினார்களோ என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

மெர்சிடிஸ் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. 2013இல் ஏ-கிளாஸை 22 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இறக்கியது. பிறகு ஜிஎல்ஏ, சிஎல்ஏ. 2015இல் பதினைந்து மாடல்கள் என்று அறிவித்து, சொன்னபடி இறக்கி, அந்த ஆண்டு 13,502 கார்கள் விற்றது. பழைய நாற்காலி திரும்பக் கிடைத்தது. அங்கிருந்து 2024 வரை எழுந்திருக்கவில்லை.

புது மாடல் எதிரியை எப்படிச் சாய்க்கிறது என்பதைவிட, மாடல் இல்லாமல் போனால் எப்படிச் சாய்வோம் என்பது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. இரண்டு உதாரணங்கள் போதும். மெர்சிடிஸிடம் ஜிஎல்கே என்று ஒரு நடுத்தர எஸ்யூவி இருந்தது. அதை இடது பக்க ஸ்டியரிங்கோடு மட்டுமே செய்தார்கள். இந்தியா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா எல்லாம் வலது பக்க நாடுகள். இங்கெல்லாம் பிஎம்டபிள்யூ எக்ஸ்3-ம் ஆடி க்யூ5-ம் விற்றுக்கொண்டிருக்க, மெர்சிடிஸ்காரர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். 2015இல் ஜிஎல்சி பிறந்தது, இரண்டு பக்க ஸ்டியரிங்கோடும். 2016இல் உலக அளவில் மெர்சிடிஸ் 20.8 லட்சம் கார்கள் விற்று, 2005 முதல் முன்னால் இருந்த பிஎம்டபிள்யூவைத் தாண்டியது. ஜிஎல்சி ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், சீனாவுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் வைப்பது என்று என்றோ எடுத்த முடிவு எத்தனை நாட்டில் எத்தனை வருடம் உதைத்திருக்கிறது பாருங்கள்.

இரண்டாவது உதாரணம் ஆடியே. 2015இல் இந்தியாவில் 11,192 கார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 மாசு விதி வந்தபோது டீசலை மொத்தமாகக் கைவிட்டது. பழைய மாடல்கள் பல நின்றன, புதியவை மெல்ல வந்தன, நடுவில் கொரோனா. 2020இல் விற்றது 1,639. 2022இல் புதிய க்யூ3 வந்ததும் உடம்பு தேறி, 2023இல் 7,931 ஆனது. 2024இல் கப்பலும் உதிரிபாகமும் சிக்கியதில் மறுபடி 5,816. அதே ஆண்டில் மெர்சிடிஸ் 19,565. பிஎம்டபிள்யூ மினியையும் சேர்த்து 15,721. ஆடியின் நாலு வளையத்தின் மதிப்பு 2015க்கும் 2020க்கும் இடையில் ஏழில் ஒரு பங்காகிவிடவில்லை. கடையில் சரக்கு இல்லை, அவ்வளவுதான்.

ஆக அண்ணனின் கேள்வியை மாற்றிப் போட்டேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். அந்த மாடல் பிறந்து எத்தனை வருடம் என்று கேளுங்கள். இந்த வகைக் கார்களுக்கு ஆயுள் சுமார் ஏழு வருடம். நடுவில், மூன்றாவது அல்லது நான்காவது வருடத்தில், விளக்கையும் பம்பரையும் திரையையும் மாற்றி ஒரு முகப்பூச்சு. முதல் இரண்டு வருடம் பேரம் செல்லாது. கடைசி இரண்டு வருடம் பேரம்தான் எல்லாம்.

அண்ணனின் முன்னால் இருந்தவை நான்கு.

முதலாவது, ஆடி ஏ6. இந்தியாவுக்கு 2019 அக்டோபரில் வந்தது. உலகில் அறிமுகமானது 2018. ஆக ஆறு வயது, வாரிசு வாசலில் நிற்கிறது. வந்தபோது விலை 54.20 லட்சம்; 2024இல் அறுபத்தைந்தை ஒட்டி இருந்தது. பெட்ரோல் மட்டும், 245 குதிரைத்திறன். கோவையில் விசாரித்துவிட்டு வந்த அண்ணன், “கார்த்திகையிலும் ஆடித் தள்ளுபடி கிடைக்கும்போல” என்று அவரே சொல்லி அவரே சிரித்தார். இந்தச் சிலேடையைத் தமிழ்நாட்டில் எல்லா ஆடி விற்பனையாளரும் ஆயிரம் முறை கேட்டிருப்பார்கள், பாவம்.

நகைச்சுவையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், வயதான மாடலில் ஒரு நியாயம் உண்டு. ஆறு வருடத்தில் அதன் கோளாறுகள் என்னென்ன என்று மெக்கானிக்கிலிருந்து இணையம் வரை எல்லோருக்கும் தெரிந்துவிடும், கம்பெனியும் திருத்தியிருக்கும். முதல் வருடத்துக் கார் வாங்குகிறவர் சம்பளம் இல்லாத சோதனை ஓட்டுநர். ஆனால் நீங்கள் வாங்கிய மறு வருடமே புது ஏ6 சாலைக்கு வந்தால், உங்கள் கார் விற்கும் விலையில் ஒரே நாளில் ஒரு தலைமுறை பழையதாகிவிடும். இன்று வாங்கும் தள்ளுபடியை விற்கும் நாளில் திருப்பிக் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். பத்து வருடம் வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்குத் தள்ளுபடி முழு லாபம். அண்ணன் ஏழாவது வருடம் மாற்றுகிற ஆள். மேலும் ஏ6-இன் அச்சிடை, அதாவது முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளம், 2,924 மில்லிமீட்டர். அவருடைய பழைய காரின் அச்சிடை 3,079. ஏழு வருடம் காலை நீட்டி உட்கார்ந்தவரை மடக்கி உட்காரச் சொல்ல முடியாது.

அந்தப் பழைய காரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளத்தைக் கூட்டி, கூடுதல் இடம் முழுவதையும் பின் சீட்டுக்குக் கொடுக்கும் பழக்கம் சீனாவுக்காக வந்தது. அங்கே முதலாளி பின்னால் உட்காருவார். 2017இல் மெர்சிடிஸ் அந்த நீள இ-கிளாஸை வலது பக்க ஸ்டியரிங்கோடு இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. நம் முதலாளிகளும் பின்னால் உட்காருகிறவர்கள்தானே. கணக்கு சரியாகப் பலித்தது. இந்தியாவில் மெர்சிடிஸின் அதிகம் விற்கும் கார் அதுவே ஆனது. பிஎம்டபிள்யூ அந்த ஆண்டு கொண்டுவந்த 5 சீரிஸ் சாதாரண நீளம். ஓட்டுவதற்கு அருமை என்றார்கள் எல்லோரும். ஓட்டுகிறவர் டிரைவர், வாங்குகிறவர் பின்னால் இருக்கிறார் என்பதுதான் சிக்கல்.

அதற்கான பதில்தான் 2024 ஜூலையில் வந்த 530எல்ஐ, அண்ணனின் இரண்டாவது வாய்ப்பு. நீளமான 5 சீரிஸுக்கு வலது பக்க ஸ்டியரிங் உலகிலேயே முதலில் கிடைத்தது இந்தியாவில். 3,105 மில்லிமீட்டர் அச்சிடை, 258 குதிரைத்திறன் பெட்ரோல், விலை 72.9 லட்சம். நம்மூர் ஆலையில் கோர்க்கப்படுவது. மூன்றாவது, அக்டோபரில் வந்த புதிய இ-கிளாஸ்: 3,094 மில்லிமீட்டர், பெட்ரோல் இ200 என்றால் 78.5 லட்சம், டீசல் இ220டி என்றால் 81.5 லட்சம். இது புனே அருகே சாக்கனில் கோர்க்கப்படுவது.

இரண்டுமே பிறந்து சில மாதக் குழந்தைகள். மூன்று மாத இடைவெளியில் இரண்டும் வந்ததும், எதிரி ஏழு வருடம் தனியாக மேய்ந்த அந்த ஒரே வகையில் பிஎம்டபிள்யூ நேராகக் கால் வைத்ததும் தற்செயல் இல்லை. இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு தகவல்: சாக்கனில் மெர்சிடிஸுக்கு இன்ஜின் கோர்த்துக் கொடுப்பது ஃபோர்ஸ் மோட்டார்ஸ். சென்னையில் பிஎம்டபிள்யூவுக்குக் கோர்த்துக் கொடுப்பதும் ஃபோர்ஸ் மோட்டார்ஸ். டெம்போ டிராவலர் வேன் செய்கிறவர்கள். மேலே மல்யுத்தம்; அடியில் இரண்டு பேருக்கும் சமையல்காரர் ஒருவர்.

ஆலை ஏன் இங்கே இருக்கிறது என்று அண்ணனே கேட்டார். ஏற்றுமதிக்காரருக்குச் சுங்க வரி புரியும் என்பதால் சுருக்கமாகச் சொன்னேன். முழுக் காராக இறக்கினால் வரி காரின் விலையளவுக்கே போகும். பாகங்களாக இறக்கி இங்கே கோர்த்தால் பதினைந்து சதவீதமும் அதன் மேல் சிறு கூடுதலும்தான். அதனால் உலகில் புது மாடல் அறிமுகமாவது ஒரு தேதி, இந்தியாவில் அது போட்டிக்குள் வருவது இன்னொரு தேதி. இங்கே கோர்க்கத் தொடங்கும் நாள்தான் அதன் உண்மையான பிறந்தநாள். இந்த இரண்டு கார்களும் உலகில் 2023இல் பிறந்தவை என்பதை நினைவில் வையுங்கள். ஏழு வருட ஆயுளில் ஒரு வருடம் இங்கே வருவதற்குள்ளேயே கழிந்துவிட்டது.

இனி பணம். தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 20 சதவீதம். ஆகவே ஷோரூம் விலையில் உள்ள வித்தியாசம் பதிவு செய்யும்போது இன்னும் வீங்கும். 530எல்ஐக்கும் இ200க்கும் இடையே 5.6 லட்சம், வரியோடு 6.72 லட்சம். இ220டி என்றால் 8.6 லட்சம், வரியோடு 10.32 லட்சம். புதுச்சேரிப் பதிவு எண்ணில் இதை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் என்னிடம் வராதீர்கள். (2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்த 48 சதவீதம் 40 ஆக இறங்கியது, இன்று வாங்குகிறவர் விலைகளைப் புதிதாகப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் சேர்ந்தே குறைந்ததால் ஒப்பீடு பெரிதாக மாறவில்லை.)

பத்து லட்சத்துக்கு இ-கிளாஸ் தருவது என்ன? டீசல் ஒன்று. மாதத்தில் நான்கு தடவை சென்னை போய் வருகிறவருக்கு அது கணக்கில் ஏறும். அண்ணன் கோவை விமான நிலையத்தோடு சரி. இன்னொன்று பின் சீட்டு. இ-கிளாஸில் பின் சீட்டின் முதுகு சாயும். கதவில் உள்ள பொத்தானை அழுத்தினால் மெல்லச் சரிந்து கொடுக்கும். 5 சீரிஸில் இடம் ஏராளம், ஆனால் முதுகு அசையாது. அதன் சீட்டுத் துணி விலங்குத் தோல் இல்லாதது என்பது சுத்த சைவக் குடும்பத்துக்கு ஒரு தனிச் சந்தோஷம். அண்ணி அதை இரண்டு முறை உறுதிப்படுத்திக்கொண்டார். மூன்றாவது, மறுவிற்பனை. திருப்பூர், கோவை வட்டாரத்தில் பழைய இ-கிளாஸை விற்க விளம்பரம் தேவையில்லை, டிரைவரிடம் சொன்னால் போதும். நீளமான 5 சீரிஸுக்கு அப்படி ஒரு சந்தை உருவாகிறதா என்பது 2030 வாக்கில்தான் தெரியும். புதிய வகையில் முதலில் இறங்குகிறவர் அந்த அபாயத்தையும் சேர்த்து வாங்குகிறார், 5.6 லட்ச வித்தியாசத்தில் ஒரு பகுதி அதற்கான கூலி என்றே நான் எழுதினேன்.

நான்காவது வாய்ப்பைச் சொன்னபோது அண்ணன் முகம் மாறியது. முந்தைய தலைமுறை நீள இ-கிளாஸ், 2021 அல்லது 2022 மாடல், ஒரே சொந்தக்காரரிடம் இருந்தது. அக்டோபரில் புது மாடல் வந்த பிறகு பழையதைக் கொடுத்துப் புதியது வாங்குகிறவர்களால் இவை சந்தைக்கு வந்துகொண்டே இருந்தன. புது மாடல் போட்டியில் கம்பெனிகள் சிந்துகிற பணத்தைப் பொறுக்கிக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. அச்சிடையில் புதியதைவிடப் பதினைந்து மில்லிமீட்டர்தான் குறைவு, சாயும் சீட்டு உண்டு, முதல் மூன்று வருடத் தேய்மானத்தை வேறு யாரோ கட்டிவிட்டார்கள். கணக்கனாக என் ஓட்டு இதற்குத்தான். “செகண்ட் ஹேண்டா? வெளிநாட்டு பையரிடமிருந்து பணம் வரத் தாமதமானாலே கம்பெனி நொடித்துவிட்டது என்று ஊரில் பத்திரிகை அடிப்பார்கள், தம்பி” என்றார். திருப்பூரில் கார் என்பது பாதி வாகனம், பாதி இருப்புநிலைக் குறிப்பு. விட்டுவிட்டேன்.

மின்சாரக் கார்? அப்போது பட்டியலில் இல்லை. 2025 ஜனவரியில் நீளமான ஐஎக்ஸ்1, சென்னையில் கோர்த்தது, 49 லட்சத்துக்கு வந்தபோது, பெட்ரோல் எக்ஸ்1 பக்கத்திலேயே அதே விலைச் சுற்றில் நின்றது. மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி ஐந்தே சதவீதம் என்பதால் நடந்த வித்தை. அடுத்த நாற்காலிச் சண்டை அந்த மூலையில்தான் நடக்கப்போகிறது என்று நினைக்கிறேன். அறுபது லட்சத்துக்கு மேல் செலவழிக்க வந்தவருக்கு அது பதில் இல்லை.

தேதிக்கு வருவோம். கம்பெனிகளின் முதலிடக் கணக்கு டிசம்பர் 31 இரவோடு முடிகிறது. கடைசி இரண்டு வாரத்தில் ஒவ்வொரு காரும் பந்தயத்தின் கடைசி ஓவரில் ஒரு ரன். அதே இரண்டு வாரத்தில் தமிழ்நாட்டில் மார்கழி. புது வண்டியை வீட்டுக்கு எடுக்க மாட்டோம். மூன்று கம்பெனிகளும் 2025 ஜனவரியிலிருந்து மூன்று சதவீதம் வரை விலை ஏற்றுவதாக வேறு அறிவித்துவிட்டன. தை பிறக்கட்டும் என்று காத்திருந்தால் 78.5 லட்சத்தில் இரண்டேகால் லட்சத்துக்கு மேல் போகும். மறுபுறம், தையில் போனால் முந்தைய ஆண்டு தயாரித்த கார் கையிருப்பில் நிற்கும்; அதைப் பேரம் பேசலாம், ஆனால் விற்கும்போது தயாரிப்பு ஆண்டு ஒரு வருடம் பழையது என்று அடித்துக் கேட்பார்கள். என் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடுகின்றன. வழக்கம் தெரிந்த விற்பனையாளர்கள் இங்கே டிசம்பர் 15க்குள் முடிக்கத்தான் துரத்துவார்கள். அந்த வாரம் பேசுங்கள். அவர்களுக்கும் அவசரம், உங்களுக்கும் நல்ல நாள் உண்டு.

நான் எழுதிக் கொடுத்தது இப்படி: பழைய தலைமுறை இ-கிளாஸ் முதல் இடம், கௌரவம் தடுத்தால் புது இ200, அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தானே ஓட்டப்போவதாக இருந்தால் மட்டும் 530எல்ஐ, ஏ6 வேண்டாம். பெரியப்பாவுக்கு எண்பது வயது, முழங்கால் வலி, தினமும் மில்லுக்குப் போய் வருகிறவர் அவர்தான் என்பதைத் தனியாகக் கோடிட்டும் எழுதினேன்.

அண்ணன் 530எல்ஐயை ஓட்டிப் பார்த்தார். அவினாசி சாலையில் இருபது நிமிடம். இறங்கும்போதே முடிவு முகத்தில் எழுதியிருந்தது. கார்த்திகை கடைசி வாரத்தில் வண்டி வீட்டுக்கு வந்தது. எலுமிச்சம்பழம் நசுக்கி, பெரியப்பாவைப் பின்னால் ஏற்றிக் கோயிலுக்குப் போனோம். முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தேன். நன்றாகக் காலை நீட்டியிருந்தார். வலது கை மட்டும் கதவோரமாக மேலும் கீழும் தடவிக்கொண்டிருந்தது, ஏழு வருடம் அங்கே இருந்த பொத்தானைத் தேடி.